ஒன்றரை ஆள் உயரம்

துறைமுகத்தில் பெட்டிகளை அடுக்கி வைக்கும் யார்டில் நான் கிரேன் ஓட்டுகிறேன். கண்டெய்னரைத்தான் நாங்கள் பெட்டி என்போம். என் கிரேன் பார்ப்பதற்கு, டயர்களின் மேல் நிறுத்திய பெரிய வாசல் நிலை போல இருக்கும். அதன் கால்களுக்கு நடுவே பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கும். ஓரமாக விட்டிருக்கும் பாதையில் டிரெய்லர் லாரிகள் வந்து நிற்கும். ஆறு மாடி உயரத்தில் தொங்கும் கேபினில் நான் உட்கார்ந்திருப்பேன். காலுக்குக் கீழே இருப்பது கண்ணாடி. குனிந்து அதன் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்ய வேண்டும். பதினொரு வருஷம் அப்படிப் பார்த்தவன் நான். ஒருநாளும் பயம் வந்ததில்லை.

அன்று காலை பத்து மணி இருக்கும். வெயில் ஏறிவிட்டது. ஒரு டிரெய்லர் வந்து என் கீழே நின்றது. அதன் மேலிருந்த பெட்டியை எடுத்து அடுக்கில் வைக்க வேண்டும். டிரெய்லரின் மூலைகளில் பெட்டியைப் பிடித்திருக்கும் லாக்குகளை டிரைவர் விடுவித்த பிறகுதான் நான் தூக்குவேன். டிரைவர் லாக்குகளை விடுவித்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார், விடுவித்தாயிற்று என்று கீழே நின்ற சைகைக்காரர் கை காட்டினார். நான் தூக்கினேன்.

முன்பக்கத்து லாக் ஒன்று துருவேறி உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. பெட்டி எழுந்தபோது டிரெய்லரின் முன்பக்கமும் சேர்ந்து எழுந்தது. லாரியின் முன்சக்கரங்கள் தரையை விட்டு மேலே வந்தன. டிரைவர் உள்ளே இருந்தார்.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். லிவரை விட்டுவிட்டேன். விட்டால் கிரேன் அப்படியே நின்றுவிடும், நின்றது. அடுத்ததாக நான் செய்ய வேண்டியது மெதுவாகக் கீழே இறக்குவது. அதைப் பயிற்சியில் எத்தனையோ முறை செய்திருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் கை நகரவில்லை. லிவருக்கு மேலே விரல்கள் விரிந்தபடி நின்றன. அது என் கை மாதிரியே இல்லை. லாரி அந்தரத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. டிரைவர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார். வாய் திறந்திருந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

பிறகு லாக் தெறித்தது. லாரி விழுந்தது.

அவருடைய வலது தொடை எலும்பு முறிந்தது, விலா எலும்புகளில் இரண்டு உடைந்தன. உயிர் பிழைத்துவிட்டார். ஆம்புலன்ஸ் போன பிறகுதான் கீழே இறங்கினேன். எப்படி இறங்கினேன் என்று இப்போதும் ஞாபகம் இல்லை.

விசாரணை நடந்தது. கேமராவில் பெட்டி தெரிந்தது, லாரி தெரிந்தது, என் கை தெரியவில்லை.

"முன்சக்கரம் எழும்புனத பாத்ததும் நிறுத்தினீங்களா?"

"நிறுத்தினேன் சார்."

அது உண்மை. நிறுத்திய பிறகு ஏன் இறக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. துருப்பிடித்த லாக்தான் காரணம் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் எங்கள் சூப்பர்வைசர் அண்ணாச்சி என் தோளில் தட்டினார். "ஒம் மேல தப்பு இல்லேன்னு எழுதியாச்சுல்லா, பொறவு என்னல? மூணு நாள் வீட்டுல கெட. நல்லா சாப்பிடு. அதைப் பத்தி நெனைக்காத. சரியாயிரும்."

மூன்று நாள் வீட்டில் கிடந்தேன். நினைக்காமல் இருப்பது என்ற வேலையை முழு மூச்சாகச் செய்தேன். டிவியைச் சத்தமாக வைத்தேன். மாப்பிள்ளையூரணியில் எங்கள் வீட்டு மொட்டை மாடித் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். ஓடாத மிக்ஸியைப் பிரித்துப் போட்டேன். கை வேலையாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. கை சும்மா இருந்தால் போதும், திறந்த வாயோடு அந்த முகம் மேலே பார்க்கும்.

நான்காம் நாள் வேலைக்குப் போனேன். கிரேன் ஏணியின் முதல் படியில் கால் வைத்ததுமே உள்ளங்கை வேர்த்தது. பாதி ஏறியதும் காது அடைத்தது. கம்பியைப் பிடித்த கையை அடுத்த கம்பிக்கு மாற்ற முடியவில்லை. கீழே ஆட்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்தான் என்னை மேலே தள்ளியது.

கேபினில் உட்கார்ந்ததும் எனக்கு நானே சில தந்திரங்கள் செய்துகொண்டேன். சத்தமாகப் பாடினேன். புளிப்பு மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும்விட மோசமான தந்திரம் ஒன்று இருந்தது. லாரியின் டிரைவர் கேபின் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பெட்டியின் மூலைகளை மட்டும் பார்ப்பேன், ஆளைப் பார்க்க மாட்டேன். ஆள் கண்ணில் படாவிட்டால் கை ஓரளவு ஓடியது. அப்படியே இரண்டு வாரம் ஓட்டினேன். சரியாகிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் மதியம் வாக்கிடாக்கியில் ஒரு அலறல். "நிறுத்து, நிறுத்து! ஆளு நிக்காருல்ல!" ஒரு டிரைவர் எதற்காகவோ லாரியை விட்டு இறங்கி முன்னால் வந்து நின்றிருக்கிறார். அவர் தலைக்கு நேர் மேலே என் பெட்டி வந்துகொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்கப் பழகிவிட்டிருந்தேன்.

லிவரை விட்டேன். பெட்டி நின்றது. அவர் சாவகாசமாக நடந்து போனார். நான் எழுந்து கேபின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. இதயம் நின்றுவிடும் என்றே நினைத்தேன். இன்னொரு ஆபரேட்டர் ஏறி வந்துதான் என்னை இறக்கினார்.

அண்ணாச்சி என்னைக் கீழே கணக்குப் பார்க்கும் வேலைக்கு மாற்றினார். பெட்டி எண்ணைச் சரிபார்த்து டேப்லெட்டில் குறிப்பது. "ஒடம்பு சரியாவட்டும்ல" என்றார். மனசு என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏறாமல் இருந்தால் பயம் போய்விடும் என்று எதிர்பார்த்தேன். அது வேறு இடங்களைப் பிடித்துக்கொண்டது. மேம்பாலத்தில் பைக் ஓட்ட முடியவில்லை, சுற்றிப் போனேன். துணிக்கடை லிஃப்டில் ஏறவில்லை. டிரெய்லர் போகும் சாலையில் முதுகு விறைத்தது. தினமும் எனக்குப் போக முடியாத இடம் ஒன்று கூடிக்கொண்டே வந்தது.

மாதா கோயில் திருவிழா வந்தது. எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. பெரிய ராட்டினத்தில் அப்பாவோடு ஏற வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் மனைவி கீழே நிற்க, நாங்கள் ஏறினோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. உச்சிக்குப் போனபோது, கீழே ஆள் ஏற்றுவதற்காக ராட்டினத்தை நிறுத்தினார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த தொட்டி ஆடியது. மகள் சிரித்துக்கொண்டே ஒரு பக்கமாக எட்டிப் பார்த்தாள்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "உக்காருளா! அசையாத! அசையாதங்கேம்லா!" என்று கத்தினேன். கத்துவது எனக்கே கேட்டது, நிறுத்தத்தான் முடியவில்லை. அவள் அழ ஆரம்பித்தாள். இறங்கி வந்து பார்த்தபோது அவள் மணிக்கட்டில் என் விரல்கள் நான்கும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவள் ஓடிப்போய் அம்மாவின் பின்னால் நின்றுகொண்டாள். அங்கிருந்து அவள் என்னைப் பார்த்த பார்வை, பழக்கமில்லாத ஒருவனைப் பார்ப்பது போல இருந்தது. எனக்கு அதுவரை வந்த பயம் எல்லாம் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது.

என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மறுநாள் காலை அவள் கிளம்பும்போது, தூக்கத்துக்கு ஒரு அட்டை மாத்திரை எடுத்துவரச் சொன்னேன்.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "டாக்டர் சீட்டு இல்லாம வாரவுகள தெனமும் திருப்பி அனுப்புதேன். ஒங்களுக்கு மட்டும் எடுத்துட்டு வரணுமாக்கும்?"

"ஒரு வாரத்துக்குத்தான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாக." மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டாள். "சீட்டு வாங்கிட்டு வாங்க, தாரேன். பெரியாஸ்பத்திரியில மனநலத்துக்குன்னு தனியா பாக்காக. நானும் கூட வாரேன். நேத்து பிள்ளை என்ன கேட்டா தெரியுமா? அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலையான்னு கேட்டா."

போனோம். டாக்டர் பார்த்துவிட்டுச் சிறிது நாளுக்கு மாத்திரை எழுதினார். பிறகு உள்ளே ஒரு கவுன்சலரிடம் அனுப்பினார். முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண். என் தங்கை வயது. இவளிடம் என்ன சொல்ல என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பயமா இருக்கு மேடம். அதைப் போக்கணும்."

"எங்க இருக்கு?"

"எங்கன்னா?"

"உடம்புல. இப்ப, இந்த நிமிஷம், எங்க இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். நெஞ்சுக்குழியில் ஒரு கல். இரண்டு கைகளிலும் முழங்கைக்குக் கீழே குளிர். அதைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். இத்தனை நாளாக அது எங்கும் நிறைந்திருப்பதாக நினைத்திருந்தேன். இப்போது அதற்கு ஒரு இடம் இருந்தது. குறைந்தபட்சம் முதுகில் அது இல்லை.

இரண்டாம் தடவை போனபோது அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. "பயத்த போக்கித் தரேன்னு நான் சொல்ல மாட்டேன். பயம் இருக்கும்போதே உங்க கை வேலை செய்யணும். அதுதானே உங்களுக்கு வேணும்?" பயம் இருக்குமென்றால் இவளிடம் எதற்கு வர வேண்டும் என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். ஆனாலும் போனேன். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லச் சொன்னாள். சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது. முதல் பத்து நாள் ஒரு பலனும் தெரியவில்லை. ஒருநாள் மேம்பாலத்துக்கு முன்னால் பைக்கை ஓரமாக நிறுத்தி, "மைல்கல், டீக்கடை, போஸ்டர், ஆடு, தண்ணி லாரி" என்று சொல்லிவிட்டு ஏறினேன். பாலத்தின் மறுபக்கம் இறங்கிய பிறகுதான் அதைக் கடந்துவிட்டேன் என்பதே உறைத்தது.

கவுன்சலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றைத் தவிர. கை நின்றுபோனதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள், "அப்புறம் என்ன நடந்துச்சு?" என்று அந்த இடத்திலேயே வந்து கேட்பாள். "லாரி விழுந்துச்சு" என்பேன். கடைசியில் ஒருநாள் அதையும் சொன்னேன். அவள் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை.

"இதை வேற யார்கிட்ட சொல்லணும்னு தோணுது?"

"அவருகிட்டத்தான்."

"அது உங்களுக்காகவா, அவருக்காகவா? யோசிச்சுட்டுப் போங்க. அவர் கேட்க விரும்பலன்னா திரும்பி வந்துருங்க."

விழுந்த லாரியின் டிரைவருக்கு வீடு கடலோரத்துத் தருவைகுளத்தில். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். முதல் தடவை போனபோது அவருடைய மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டார். "யாரு, அந்த கிரேன்காரரா? உள்ள வர வேண்டாம். அவுக இப்பத்தான் கம்பு வச்சு நடக்காக. ஒங்களப் பாத்தா திரும்பப் படுத்துருவாக." நான் வாங்கிப் போன பழத்தையும் அவர் தொடவில்லை. பைக்கைத் திருப்பும்போது எனக்கு வருத்தமே வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. அதை நினைத்துப் பிறகு வெட்கப்பட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவரே போன் செய்தார். "வாரும்" என்றார். அவ்வளவுதான்.

அவர் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலை நீட்டி ஒரு ஸ்டூலில் வைத்திருந்தார். ஜன்னல் வழியாகக் கரையில் இழுத்துப் போட்டிருந்த வள்ளங்கள் தெரிந்தன. நான் உட்கார்ந்ததும், எங்கே தொடங்குவது என்று தெரியாமல், தொடக்கூடாத இடத்திலேயே தொடங்கினேன்.

"அண்ணே, நான் நிறுத்தினேன். ஆனா எறக்கல. எறக்கியிருக்கணும். கை வரல. விசாரணையில நான் அதைச் சொல்லல."

அவர் கண்கள் சுருங்கின. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"இத எதுக்கு வே எங்கிட்ட வந்து சொல்லுதீரு? ஒம்ம பாரத்த எறக்கவா? நானே ராப்பகலா கெடந்து சாவுதேன்."

நான் எழுந்தேன். "போயிருதேன் அண்ணே" என்றேன்.

"உக்காரும்." அவர் வெகுநேரம் கம்பின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "நீரு மேல இருந்து பாத்தீருல்லா. எம்புட்டு ஒசரத்துல இருந்தேன்?"

"என்ன அண்ணே?"

"எம் வண்டி. எம்புட்டு ஒசரம் போச்சு? எனக்கு பனைமரத்து ஒசரத்துல நின்ன மாதிரி இருக்கு. கண்ண மூடுனா அங்கனதான் இருக்கேன். கீழ தரையே தெரிய மாட்டேங்கு."

"இல்ல அண்ணே." நான் எழுந்து நின்று என் தலைக்கு மேலே கையை நீட்டிக் காட்டினேன். "முன்சக்கரம் இந்தா, இம்புட்டுத்தான். ஒன்றரை ஆள் ஒசரம். பின்சக்கரம் தரையிலதான் இருந்துச்சு."

"பின்சக்கரம் தரையிலயா இருந்துச்சு?"

"ஆமா. கேமராவுலயும் அப்படித்தான் இருக்கு. நானே பாத்தேன்."

அவர் என் கையின் உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏளா, இங்கன வா. பின்சக்கரம் தரையிலதான் இருந்துச்சாம். ஒன்றரை ஆள் ஒசரந்தானாம்" என்றார். அவருடைய மனைவி வந்து கதவருகே நின்றார். டிரைவர் இன்னொரு தடவை என்னைக் கை நீட்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கருப்பட்டிக் காப்பி வந்தது. குடிக்கும்போது நானும் கேட்டேன். "அண்ணே, எம்புட்டு நேரம் தொங்குனீக? எனக்கு அது கால் மணி நேரம் மாதிரி இருக்கு."

"கால் மணி நேரமா? கதவத் தெறந்தேன், கால வச்சேன், விழுந்தேன். அம்மான்னு கூப்பிடக்கூட நேரம் இல்ல வே." காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "ஆனாலும் நீரு எறக்கியிருக்கலாம்."

"எறக்கியிருக்கலாம் அண்ணே."

அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவர் என்னை மன்னித்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன். மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் வரவே இல்லை. ஆனால் வீடு திரும்பும் வழியில், அந்த முகம் மேலே பார்த்தபோது அதற்குப் பின்னால் முதல்தடவையாகப் பின்சக்கரமும் தெரிந்தது. அது தரையில் இருந்தது.

மறுநாள் அண்ணாச்சியிடம் போய் விசாரணையில் சொல்லாததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "இத இப்ப ஏம்ல சொல்லுத?" என்றார். மேலிடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது என்றார், சொல்லியும் விட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, மறுபடி பயிற்சியில் உட்கார வைத்தார்கள். அது எனக்கு நல்லதாகவே போயிற்று. கவுன்சலர் சொன்ன முறையில் ஏறிப் பழக நாட்கள் கிடைத்தன. முதல் நாள் ஏணியின் அடியில் சும்மா நின்றேன். இரண்டாம் நாள் பத்துப் படி. பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கக் கூடாது, அது தணியும்வரை அங்கேயே நிற்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பத்தாவது படியில் கம்பியை அணைத்துக்கொண்டு நின்றேன். கீழே போன இரண்டு பேர் சிரித்தார்கள். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. மூச்சை நீளமாக விட்டேன். உப்புக் குவியல், புகைக்கூண்டு, கப்பல், காக்கா, என் ஷூ. அரைமணி நேரம் கழித்துக் கை தளர்ந்தது. அதன் பிறகே இறங்கினேன். கேபின் நாற்காலியில் உட்கார ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. முதல் பெட்டியைத் தூக்கும்முன் லாரிக்குள் இருந்தவரைப் பார்த்தேன். அவர் போனில் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் மறுபடி டிரெய்லர் ஓட்டவில்லை. ஐஸ் ஏற்றும் சின்ன வேன் ஒன்று ஓட்டுகிறார். துறைமுகத்து கேட் பக்கமே வருவதில்லை. எப்போதாவது சாலையில் எதிரே வந்தால் ஹாரன் அடிப்பார், நான் கையைத் தூக்குவேன். சில நாள் அடிக்காமலும் போவார்.

ராட்டினத்தில் அது நடந்த மறுவாரமே மகளிடம் போய் உட்கார்ந்து சொல்லியிருந்தேன். "அப்பாவுக்கு ரொம்ப பயமாயிருச்சு, அதான் கத்திட்டேன். ஒம் மேல கோவம் இல்ல." அவள் யோசித்துவிட்டு, "பெரியவங்களுக்கும் பயம் வருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன். "அப்ப முன்னாடியே சொல்லணும்லா?" என்றாள்.

இந்த ஆடி மாதம் காற்று பலமாக அடித்த ஒரு பிற்பகல். கேபின் கிறீச்சிட்டுக்கொண்டு ஆடியது. பெட்டி கயிற்றில் லேசாகச் சுழன்றது. முழங்கைக்குக் கீழே குளிர் இறங்குவது தெரிந்தது. பெட்டியை மெதுவாக இறக்கி அடுக்கில் வைத்தேன். பெட்டியைப் பிடித்திருந்த கிரேனின் பூட்டை விடுவித்தேன். பிறகு வாக்கிடாக்கியை எடுத்தேன்.

"அண்ணாச்சி, எனக்குப் பயமா இருக்கு. பத்து நிமிசம் நிறுத்துதேன்."

அது எல்லார் காதிலும் விழும் அலைவரிசை. யார்டு முழுக்கக் கேட்டிருக்கும். சிறிது நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

"சரிடே, நிறுத்திக்கோ" என்றார் அண்ணாச்சி. அடுத்து, பக்கத்து வரிசையில் ஓட்டிக்கொண்டிருந்த ஆபரேட்டரின் குரல் வந்தது. "அண்ணாச்சி, இங்கனயும் ஆட்டம் சாஸ்தியா இருக்கு. நானும் நிறுத்திக்கிடுதேன்."